தாத்தா பனியன்தான் இப்போ டிரெண்டு! பழைய பின்னலாடையைப் புதுசா உடுத்துவது எப்படி?

கூமாப்பட்டிக்கு இப்போது அறிமுகம் தேவையில்லை. 2025-ம் ஆண்டு சுற்றிய ஒரு ரீல்ஸ் வீடியோ, இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், தென்னந்தோப்பு, பிளவக்கல் அணை என்று வீடியோவில் பார்த்ததை நேரில் பார்க்க, விருதுநகர் மாவட்டத்தின் இந்த மூலைக்குக் கிளம்பி வந்தவர்கள் ஏராளம்.

அப்படி வருகிற இளசுகளின் உடையைக் கொஞ்சம் கவனியுங்கள். தொளதொள டி-ஷர்ட், வரி வரியாக ரிப் வைத்த கையில்லாத டாப், காலர் வைத்த டி-ஷர்ட். அப்படியே திரும்பி டீக்கடை பெஞ்சைப் பாருங்கள். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு உட்கார்ந்திருக்கும் தாத்தா போட்டிருப்பது கை வைத்த வெள்ளை பனியன்.

இரண்டும் ஒரே ரகத் துணிதான். பெரும்பாலும் ஒரே ஊரில், ஒரே மாதிரி மெஷினில் பின்னப்பட்டதுதான். ஆனால், ஒன்று 'ஃபேஷன்'. இன்னொன்று, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் "மேல ஒரு சட்டையைப் போட்டுட்டு வாங்கப்பா" என்று உள்ளே அனுப்பப்படும் சமாசாரம். ஏன் இந்த ஓரவஞ்சனை? அளவும் உடுத்தும் விதமும்தான் வித்தியாசம். அது தெரிந்துவிட்டால், பீரோவில் தூங்கும் பாதித் துணிக்குப் புது வாழ்வு வந்துவிடும்.

நெய்ததா, பின்னியதா?

கூமாப்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சுந்தரபாண்டியம். கைத்தறிச் சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தறியில் பாவு நூல் நீளவாட்டிலும், ஊடை நூல் குறுக்கிலும் ஓடும். இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் சேலையை இழுத்தால் நீளாது. அது நெய்த துணி.

பனியன் அப்படியில்லை. ஒரே நூலைக் கண்ணி கண்ணியாக வளைத்து, ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியைக் கோப்பதுதான் பின்னல். இழுத்தால் கண்ணி விரியும், விட்டால் பழையபடி சுருங்கும். பாட்டி இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்னியதும் இதே கணக்குதான். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-ல் காலுறை பின்னும் இயந்திரத்தை உருவாக்கினார். கையில் செய்த வேலையை மெஷினுக்கு மாற்றிய முதல் முயற்சி அது.

ஆக, பனியன், டி-ஷர்ட், லெக்கின்ஸ், ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாமே ஒரே குடும்பம். பின்னல் துணி உடம்போடு சேர்ந்து அசையும். வியர்வையை உறிஞ்சும் பருத்தியில் பின்னினால், நம்ம ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான துணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உள்ளாடை மேலாடை ஆன கதை

'பனியன்' என்ற சொல்லே ஒரு சுவாரஸ்யம். வணிகரைக் குறிக்கும் குஜராத்திச் சொல்லிலிருந்து வந்தது அது. இந்திய வணிகர்களின் தொளதொள உடையைப் பார்த்த ஐரோப்பியர்கள், 17, 18-ம் நூற்றாண்டுகளில் தங்கள் வீட்டு அங்கிக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். பிறகு இந்தியாவில் அது உள்ளே போடும் பின்னல் உடையின் பெயராக நிலைத்துவிட்டது.

பின்னல் துணிக்கு ரொம்ப காலம் பெரும்பாலும் உள்ளாடை என்ற அடையாளம்தான். பிரான்ஸின் கோகோ சனேல் 1910-களில் 'ஜெர்சி' பின்னல் துணியில் பெண்களுக்கு மேலாடை தைத்தபோது, 'ஆண்களின் உள்ளாடைத் துணியில் கவுனா?' என்று புருவம் உயர்ந்தது. அமெரிக்கக் கடற்படை 1913-ல் வட்டக் கழுத்து வெள்ளை பனியனைச் சீருடைக்குள் அணியக் கொடுத்தது. 1951-ல் மார்லன் பிராண்டோவும், 1955-ல் ஜேம்ஸ் டீனும் அதையே திரையில் மேலாடையாகப் போட்டு நின்றார்கள். இளைஞர்கள் விடுவார்களா? அன்றிலிருந்து 'டி-ஷர்ட்' மேலாடை ஆகிவிட்டது.

காலர் வைத்த டி-ஷர்ட்டுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. முழுக்கைச் சட்டையில் டென்னிஸ் ஆடுவது அவஸ்தையாக இருந்ததால், பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்ட் 1920-களில் புள்ளி புள்ளியாகக் காற்றோட்டம் கொண்ட 'பிக்கே' பின்னலில் அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டார். இன்று அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ளும் காலர் டி-ஷர்ட்டின் பூர்விகம் அந்த மைதானம்தான்.

இந்த வரிசையில் கடைசி வேடிக்கை, இத்தாலியின் ப்ராடா நிறுவனம். 2022-ல் வெள்ளை ரிப் பனியனை ஃபேஷன் மேடையில் ஏற்றியது. நெஞ்சில் ஒரு சின்ன முக்கோணச் சின்னம். அதன் விலைக்கு நம் டீக்கடைத் தாத்தாவுக்கு ஆயுசுக்கும் பனியன் வாங்கிவிடலாம்!

ராஜபாளையத்து நூல், திருப்பூர் பின்னல்

இந்தத் துணிக்கும் இந்தப் பகுதிக்கும் உள்ள உறவு உடுத்துவதோடு முடிவதில்லை. ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். 1936-ல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதல் இன்றுவரை இங்கே பல தலைமுறைகள் நூலை நம்பி வாழ்ந்திருக்கின்றன. பக்கத்து தளவாய்புரம், முகவூர் பகுதிகளில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கும் மெஷின் சத்தம் கேட்கும்.

மழை பொய்த்து வயல் கைவிட்ட காலங்களில், தென்மாவட்டக் குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன ஊர் திருப்பூர். 'எங்க வேலை பார்க்குற?' என்று கேட்டால், 'பனியன் கம்பெனி' என்ற ஒற்றைச் சொல்லில் பதில் வரும். கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பிசிறு வெட்டுவது, கைமடி என்று அங்கே ஆளுக்கொரு வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும் அந்தக் கைகளில் ஒரு பெரிய பை இருக்கும். உள்ளே அண்ணன் பிள்ளைக்கு, அக்கா பிள்ளைக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று அளவு பார்க்காமல் வாங்கிய டி-ஷர்ட்கள். பலதும் 'செகண்ட்ஸ்'. ஏற்றுமதிக்குப் பின்னி, சின்னக் குறையால் திரும்பியவை. தெரியாத நாட்டுக் கல்லூரியின் பெயரோ, புரியாத மொழி வாசகமோ நெஞ்சில் அச்சாகியிருக்கும்.

அந்த டி-ஷர்ட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போனால், 'செகண்ட்ஸா?' என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று கூசிய பிள்ளைகள் இன்று பெரியவர்களாகிவிட்டார்கள். இப்போது அதே சரக்கு, 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' என்ற பெயரில் இன்ஸ்டாகிராம் கடைகளில் பெருமையாக விற்கிறது. துணி மாறவில்லை. பார்வைதான் மாறியிருக்கிறது. அந்தப் பார்வையோடு உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள்.

1. கை வைத்த வெள்ளை பனியன்

இதைத் தனியாகப் போட்டால் 'வீட்டு உடை' என்று தோன்றக் காரணம், துணி மெலிசாக இருப்பதும் கழுத்து தொங்கிப்போயிருப்பதும்தான். எனவே வெளியே போட நினைத்தால் கொஞ்சம் கனமான துணியாக வாங்குங்கள். கடையில் 'ஜி.எஸ்.எம். எவ்வளவு?' என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அந்தக் கணக்கு. 140 முதல் 160 வரை மெலிசு, 180 நடுத்தரம், 220-க்கு மேல் போனால் இப்போதைய தொளதொள டி-ஷர்ட் ரகம்.

கட்டம் போட்ட பருத்திச் சட்டையைப் பட்டன் போடாமல் மேலே விட்டு, உள்ளே வெள்ளை பனியன் தெரியும்படி போடுவது எல்லா வயது ஆண்களுக்கும் எடுபடும். லுங்கித் துணிக் கட்டத்தில் தைத்த சட்டை என்றால் இன்னும் அழகு. பேன்ட் கொஞ்சம் லூஸாக இருந்தால் பனியன் உடம்போடு ஒட்டி இருக்கட்டும். பனியன் தொளதொள என்றால் பேன்ட் நேராக இருக்கட்டும். மேலும் கீழும் இரண்டுமே தொளதொள என்றால், அண்ணன் துணியை எடுத்து மாட்டிய மாதிரி ஆகிவிடும்.

2. சேலைக்கு டி-ஷர்ட்

பிளவுஸுக்குப் பதில் வட்டக் கழுத்து டி-ஷர்ட் போட்டு, மேலே கைத்தறிச் சேலை கட்டும் பழக்கம் கல்லூரிப் பெண்களிடம் பரவியிருக்கிறது. இதைப் பார்த்து அத்தைகள் முகம் சுளிக்கத் தேவையில்லை. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்று நடவும் களை எடுக்கவும் போகும் பெண்களை இந்தப் பக்கத்து வயல்களில் காலங்காலமாகப் பார்க்கலாம். துணிக்கு மேல் துணி என்பது நமக்குப் புதிதில்லை.

சுந்தரபாண்டியம் பருத்திச் சேலையும் வெள்ளையோ கறுப்போ பின்னல் டி-ஷர்ட்டும் நல்ல ஜோடி. டி-ஷர்ட்டை உள்பாவாடைக்குள் செருகிவிட்டு, அதன்மேல் கொசுவத்தை வையுங்கள். டி-ஷர்ட்டில் எழுத்தோ படமோ வேண்டாம். சேலைக் கரையின் நிறம் டி-ஷர்ட்டில் இருந்தால் கச்சிதம். தைத்த பிளவுஸ் இறுகிப்போய் அலமாரியில் கிடப்பதால் நல்ல சேலைகளை ஒதுக்கிவைத்திருக்கும் அம்மாக்களுக்கும் இது வசதி. உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் பின்னல் துணி கூடவே வரும்.

3. ஹெட்மாஸ்டர் ஸ்வெட்டர்

கை இல்லாத, 'வி' கழுத்து அரை ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கிறதா? மார்கழி வந்தால் பழைய ஹெட்மாஸ்டர்கள், தபால்காரர்கள், ரயில்வே ஊழியர்கள் மாட்டிக்கொண்டு வருவார்களே, அதேதான். இப்போது 'ஸ்வெட்டர் வெஸ்ட்' என்ற பெயரில் இளைஞர்களிடம் திரும்பியிருக்கிறது. உள்ளே வெள்ளைச் சட்டை, காலரை வெளியே எடுக்காமல் உள்ளேயே விடுங்கள். பெண்கள் நீளமான பருத்தி குர்தாவின் மேலும் போடலாம்.

'கூமாப்பட்டி வெயிலில் ஸ்வெட்டரா?' என்று சிரிக்காதீர்கள். மலையடிவாரத்தில் மார்கழி விடியல் குளிரத்தான் செய்யும். கொடைக்கானல் டூர் உண்டு. பிள்ளைகள் வேலை பார்க்கும் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் வருஷம் முழுக்க ஏ.சி. குளிர் உண்டு.

4. பட்டன் வைத்த கார்டிகன்

1854-ல் கிரைமியா போரில் குதிரைப்படையை நடத்திய ஆங்கிலேயப் பிரபு கார்டிகனின் பெயரில் வந்த ஸ்வெட்டர் இது. நம் ஊரில் பாட்டிகளின் அதிகாலைத் துணை. சேலைக்கு மேல் போடும்போது முந்தானையை முதலில் மடித்துப் பின் குத்திவிட்டு, அதன்மேல் கார்டிகனை மாட்டி, பட்டன் போடாமல் விடுங்கள். மேல் பட்டன் ஒன்றை மட்டும் போட்டால் இன்னொரு தோற்றம். இடுப்புவரை மட்டும் நீளம் உள்ளது சேலைக்கும், தொடைவரை நீளம் உள்ளது சுடிதாருக்கும் பொருந்தும். பிளாஸ்டிக் பட்டன்களை எடுத்துவிட்டு மரப் பட்டனோ தேங்காய்ச் சிரட்டைப் பட்டனோ தைத்தால், பத்து வருடப் பழசு புதுசு மாதிரி ஆகிவிடும். செலவும் குறைவு.

5. காலர் டி-ஷர்ட்

இதைப் பழசாகக் காட்டுவது இரண்டு விஷயங்கள். தோள் தையல் தோளைத் தாண்டி இறங்கியிருப்பது, நீளம் தொடைவரை வருவது. தோள் எலும்பு முடிகிற இடத்தில் தையல் இருக்க வேண்டும். நீளம் பேன்ட் ஜிப்பின் பாதியோடு நின்றால் போதும். உள்ளூர் டெய்லரிடம் கொடுத்தால் நீளத்தை வெட்டி மடித்துத் தருவார். பின்னல் துணிக்கான ஊசி போட்டு, இழுத்தால் அறுந்துபோகாத தையல் போடச் சொல்லுங்கள். சாதாரணத் தையல் போட்டால் நாலு நாளில் பட் பட் என்று விட்டுப்போகும்.

காயப்போடும் கொடிதான் வில்லன்

நல்ல பின்னலாடை கெட்டுப்போவது உடுத்தும்போது அல்ல, துவைக்கும்போது. ஈர டி-ஷர்ட்டைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால், தண்ணீர் கனத்தில் கண்ணிகள் கீழ்நோக்கி இழுபடும். கழுத்து தொங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொடியில் பாதியாக மடித்துப் போடுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்து நிழலில் காயவைத்தால் நிறமும் நிற்கும்.

வெள்ளை பனியனின் அக்குளில் வரும் மஞ்சள் கறைக்கு, வியர்வையும் சிலவகை டியோடரன்ட்களில் உள்ள அலுமினிய உப்பும் சேர்வது காரணம். குளோரின் பிளீச் ஊற்றினால் மஞ்சள் இன்னும் கூடலாம், நூலும் நைந்துபோகும். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, அரை மணி நேரம் ஊறவைத்து அலசிப் பாருங்கள்.

கம்பளி ஸ்வெட்டருக்குச் சூடான தண்ணீர் ஆகாது, சுருங்கிவிடும். குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, பாயில் பரப்பிக் காயவையுங்கள். மேலே உருண்டு நிற்கும் பிசிறுகளைப் பழைய ஷேவிங் ரேசரால் லேசாக வழித்தால் போதும், பளிச்சென்று ஆகிவிடும். ஹேங்கரில் தொங்கவிடாமல் மடித்து வையுங்கள்.

ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு தண்ணீர்?

பருத்தியை விளைவிப்பதில் தொடங்கி ஒரு டி-ஷர்ட் உருவாக, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது உலக அளவில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அணைப் பாசனத்தை நம்பியிருக்கும் கூமாப்பட்டிக்காரர்களுக்கு அந்த எண்ணின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருப்பூர் அதற்குப் பெரிய விலை கொடுத்தது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு நிறம் மாறியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குட்டையாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன்பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாற வேண்டியிருந்தது.

அடுத்த அடி 2025 ஆகஸ்டில் விழுந்தது. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவிகிதம் வரி விதித்தது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு அமெரிக்கா மிகப்பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. எங்கோ ஒரு நாட்டில் போட்ட கையெழுத்து, தீபாவளிக்கு ஊர் திரும்பும் அந்தப் பையின் கனத்தையும் தொடுகிறது.

இதில் நாம் செய்ய என்ன இருக்கிறது? இரண்டு விஷயம் இருக்கிறது. மூன்று தடவை துவைத்தால் கந்தலாகும் மலிவு பாலியஸ்டர் டி-ஷர்ட் நான்கு வாங்குவதற்குப் பதில், நல்ல பருத்திப் பின்னலில் ஒன்று வாங்கலாம். நூற்றவரும் பின்னியவரும் நம்ம ஊர்க்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, ஏற்கெனவே இருப்பதை இன்னும் சில வருடங்கள் உடுத்தலாம். அதற்குத்தான் மேலே சொன்ன அத்தனையும்.

பிரிக்கலாம், மறுபடி பின்னலாம்

பின்னலாடைக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. கையால் பின்னிய ஸ்வெட்டரின் கடைசி முடிச்சை அவிழ்த்து இழுத்தால், கண்ணி கண்ணியாகப் பிரிந்து, ஆரம்பத்தில் இருந்த நூலாகவே திரும்பிவிடும். நெய்த துணியை இப்படிச் சுலபமாக நூலாக்க முடியாது. அந்த நூலை நனைத்து, சுருக்கம் நீங்கக் காயவைத்து, உருண்டையாகச் சுற்றினால் புதிதாக இன்னொன்று பின்னலாம்.

பல வீடுகளின் பீரோவில், பழுப்பேறிய பாலித்தீன் கவருக்குள் ஒரு குட்டி ஸ்வெட்டர் இருக்கும். தலைப்பிள்ளை பிறந்தபோது பாட்டி பின்னியது. அந்தப் பிள்ளைக்கே இப்போது கல்யாண வயது. தூக்கிப் போடவும் மனசு வராது, உடுத்தவும் முடியாது. கம்பளி கெடாமல் இருந்தால், அதைப் பிரித்து அந்தப் பிள்ளைக்கே ஒரு மஃப்ளராகவோ, அடுத்து வரப்போகும் குழந்தைக்கு ஒரு குல்லாவாகவோ மாற்றலாம். பின்னத் தெரியாதவர்கள் யூடியூப் பார்த்து ஒரு மாதத்தில் பழகிவிடலாம். பக்கத்தில் பின்னத் தெரிந்த பாட்டி இருந்தால் யூடியூபே தேவையில்லை.

அடுத்த முறை குடும்பத்தோடு பிளவக்கல் அணைக்குப் போகிறீர்களா? தாத்தாவிடம் 'சட்டையைப் போட்டுட்டு வாங்க' என்று சொல்லாதீர்கள். கை வைத்த வெள்ளை பனியனிலேயே வரட்டும். பேரனும் வெள்ளை டி-ஷர்ட்டில் பக்கத்தில் நிற்கட்டும். பின்னால் மலை, முன்னால் தண்ணீர். அந்த போட்டோவில் யார் ஃபேஷன் என்று கமென்ட்டில் வருகிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்!